நான்கு பெயர்களில் சிதறிக் கிடந்த என் ஆய்வுக் கட்டுரைகள்

மருத்துவக் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியராக இருப்பவர்கள், அதிலும் அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக வைத்திருக்கும் நம்மூர்க்காரர்கள், பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் முன் இதைப் படித்துவிட்டால் நான் பட்ட பாட்டில் பாதியாவது அவர்களுக்குக் குறையும். எனக்கு இதையெல்லாம் சொல்ல யாரும் இல்லை. துறையில் மூத்தவர்கள் பலருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஓரிருவரும் தனக்கு வேலை முடிந்ததும் மறந்துவிட்டார்கள். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

நான் நுண்ணுயிரியல் துறை. தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் வேலை. முதுநிலை படிக்கும்போதே, சின்னஞ்சிறு உண்ணிப் பூச்சி கடித்துப் பரவும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சலில்தான் என் ஆய்வு. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் காய்ச்சல் வார்டு நிரம்பும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சின்னதாக ஒரு கருகிய புண் இருக்கும், நோயாளிக்கே அது தெரிந்திருக்காது. அந்த நோயாளிகளின் ரத்த மாதிரிகளில் ஐஜிஎம் எலிசா (நோய் எதிர்ப்புப் புரதத்தை அளக்கும்) பரிசோதனை செய்து, எந்த அளவைத் தாண்டினால் நோய் என்று கொள்ளலாம் என்பதை எங்கள் பகுதி மக்களை வைத்துக் கணக்கிட்டோம். இந்த எல்லை அளவு ஊருக்கு ஊர் மாறும். வேறு நாட்டில் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொண்டால், நோய் இல்லாதவருக்கு இருக்கிறது என்றும் இருப்பவருக்கு இல்லை என்றும் சொல்லிவிட வாய்ப்பு உண்டு. அந்தக் கட்டுரை வெளிவந்தபோது எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. அச்சில் என் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று அன்று எனக்குக் கவனிக்கத் தோன்றவில்லை. அது பிற்பாடு ஒரு பிரச்சினையாகும் என்று எங்கள் துறையில் ஒருவருக்குமே தெரியாது.

என் உண்மைப் பெயர் இங்கே வேண்டாம், சு. கலைவாணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சுப்பிரமணியன், கணவர் செந்தில்குமார். இதழ்களின் இணையப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கடைசிப் பெயரைக் காலியாக விட்டால் படிவம் நகராது. யார் சமர்ப்பிக்கிறாரோ அவர்தான் மற்ற எழுத்தாளர்களின் பெயரையும் நிரப்புவார். ஒருவர் என் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டார். அந்தக் கட்டுரைகள் "சுப்பிரமணியன் கே" என்று பதிவாகின. இன்னொருவர் இனிஷியலையே கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டார். அங்கே நான் "எஸ் கே" ஆனேன், கலைவாணி என்ற பெயரே மறைந்துவிட்டது. வேறு சில "கலைவாணி எஸ்". திருமணத்துக்குப் பிறகு வேறு கல்லூரிக்கு வந்தேன். அங்கே பணியாளர் பதிவேட்டில் கணவர் பெயரைச் சேர்த்திருந்தார்கள், அதைப் பார்த்துச் சக ஆசிரியர் ஒருவர் நிரப்பியதில் "செந்தில்குமார் கே" ஆனேன். ஒரே ஆள், நான்கு பெயர்.

பதவி உயர்வு நேரம் வந்தது. அப்போது நடப்பில் இருந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிகளின்படி இணைப் பேராசிரியர் ஆக இரண்டு ஆய்வுக் கட்டுரைகளாவது வேண்டியிருந்தது. என்னிடம் ஒன்பது இருந்தன. அதனால் துளியும் பயமில்லாமல்தான் போனேன். எங்கள் கல்லூரிப் படிவத்தில் கூடுதலாக, ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து வைக்கும் ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் கட்டுரையாளருக்கு உரிய பக்கத்தின் அச்சுப்படியும், மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் ஹெச்-இண்டெக்ஸ் என்ற எண்ணும் கேட்டிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்தவரே "கலைவாணி எஸ்" என்று தேடி, கிடைத்த பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் இருந்தவை மூன்றே கட்டுரைகள், எட்டு மேற்கோள்கள் (அதாவது பிற கட்டுரைகள் அவற்றை எட்டு முறை சுட்டியிருந்தன). மூன்றில் ஒன்று தனி நோயாளி பற்றிய அறிக்கை. ஆணையத்தின் அன்றைய விதி ஆய்வுக் கட்டுரை, முறைசார் மீளாய்வு, மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது), பல நோயாளிகளைத் தொகுத்த அறிக்கை ஆகியவற்றை ஏற்றது, ஒற்றை நோயாளி அறிக்கையை ஏற்கவில்லை. இன்னொன்றில் நான் ஆறாவது எழுத்தாளர், அதனால் அதையும் கணக்கில் எடுக்கவில்லை. மூன்றாவது வந்த இதழை அதற்குப் பிறகு ஸ்கோபஸ் நீக்கியிருந்தது. ஆக, குழுவின் கணக்கில் எனக்கு உருப்படியான கட்டுரை ஒன்றுகூட இல்லை.

மீதி ஆறு கட்டுரைகளின் பிரதிகளையும் நீட்டினேன். குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல சுப்பிரமணியன்னு இருக்கு. இது நீங்கதான்னு எப்படி நம்புறது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை, பிறர் கட்டுரையைத் தன்னுடையது என்று காட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மூன்று மழைக்காலம் வார்டு வார்டாக ஏறி இறங்கி மாதிரி சேகரித்த வேலையை "நீதான் செய்தாயா?" என்று நான்கு பேர் முன்னால் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பதில் சொல்ல வரவில்லை. வெளியே வந்து ஆய்வகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்று இரவு கணவரிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

அந்தச் சுற்று கைவிட்டுப் போனது. அடுத்த சுற்று ஓர் ஆண்டு கழித்து. சம்பள வித்தியாசம் மாதம் பதினெட்டாயிரம், ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். அதோடு நோட்டரி, கூரியர், பழைய கல்லூரிக்குப் போய்வந்த செலவு எல்லாம் ஏழாயிரத்தைத் தொட்டது. எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவர் அதே சுற்றில் இணைப் பேராசிரியர் ஆனார். அவர்மேல் கோபமில்லை, ஆனால் காலையில் அவர் அறையைத் தாண்டிப் போகும்போது மனசு சுருங்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சரி, அப்புறம் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். முதலில் நானே உட்கார்ந்து என் பெயரின் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதினேன், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடவோ குறையவோ வந்தவை உட்பட. ஒவ்வொன்றையும் ஸ்கோபஸின் இலவசப் பக்கத்தில் தேடினேன். சந்தா கட்டாதவர்களும் அங்கே ஆசிரியர் பெயரைத் தேடிப் பார்க்கலாம், இதைப் பலர் அறிந்திருக்கவில்லை. நான்கு பக்கங்களில் என் கட்டுரைகள் கிடந்தன. பெயர் மாறினால் மட்டும் இப்படிப் பிரியும் என்றில்லை. வேலை செய்யும் நிறுவனம், கூட எழுதியவர்கள், பொருள் ஆகியவற்றையும் பார்த்துத்தான் கணினி கட்டுரைகளைச் சேர்க்கிறது. எனவே கல்லூரி மாறினாலும் பிரிந்துவிடலாம்.

இந்தப் பிரிவால் எண்கள் எப்படி உருக்குலையும் என்பதற்கு என் கணக்கையே காட்டுகிறேன். ஹெச்-இண்டெக்ஸ் என்பதை 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் குறைந்தது நான்கு, ஒவ்வொன்றும் நான்கு முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், ஐந்து கட்டுரைகள் ஒவ்வொன்றும் ஐந்து முறை என்ற அளவை எட்டவில்லை என்றால், அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 4. என் ஒன்பது கட்டுரைகளின் மேற்கோள்கள் 23, 11, 7, 5, 4, 3, 1, பிறகு இரண்டு பூஜ்யங்கள். மொத்தம் 54, ஹெச்-இண்டெக்ஸ் 4. ஆனால் "கலைவாணி எஸ்" பக்கத்தில் இருந்தவை 4, 3, 1. அங்கே ஹெச்-இண்டெக்ஸ் 2. "சுப்பிரமணியன் கே" பக்கத்தில் 23, 5. அங்கேயும் 2. மற்ற இரண்டிலும் தலா 1. நான்கு பங்காளிகள் பெயரில் பிரிந்த பட்டாவைப் போல, எந்தத் துண்டை எடுத்தாலும் முழு நிலம் தெரியவில்லை. நான்கு பக்கங்களின் ஹெச்-இண்டெக்ஸைக் கூட்டினாலும் சரியான விடை வராது என்பதைக் குழுவில் இருப்பவர்களுக்கும் விளக்க வேண்டியிருந்தது.

இணைப்பது கடினமில்லை. ஸ்கோபஸில் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, உங்களுடைய பக்கங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றாக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்பலாம். காசு கிடையாது. கல்லூரி மின்னஞ்சல் முகவரியில் இருந்து அனுப்புங்கள், ஜிமெயிலில் இருந்து அனுப்பிய என் முதல் கோரிக்கைக்குத் திரும்பக் கேள்விகள் வந்தன. சில வாரங்களில் நான்கும் ஒன்றாகின. அதற்கு முன்பே ஆர்க்கிட் எண் வாங்கிவிடுங்கள், அது ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உரிய தனி அடையாள எண். 2012-ல் இருந்து இலவசமாகத் தருகிறார்கள். பதினாறு இலக்க எண், கடைசி இடத்தில் சிலருக்கு எக்ஸ் என்ற எழுத்து வரும். ஆர்க்கிட்டில் உங்கள் பெயரின் பிற வடிவங்களையும் பதிந்து வைக்கலாம், ஸ்கோபஸ் பக்கத்தையும் அதோடு பிணைத்துவிடலாம். இனிமேல் சமர்ப்பிக்கும் எல்லாக் கட்டுரையிலும் அந்த எண்ணைக் கொடுங்கள். நீங்கள் சமர்ப்பிக்கவில்லை என்றாலும், சமர்ப்பிப்பவரிடம் உங்கள் பெயர் எந்தக் கட்டத்தில் எப்படிப் போக வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நான் இப்போது ஒரு வரி தயாராக வைத்திருக்கிறேன், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். அச்சுக்கு முன் வரும் மெய்ப்பில் பெயர், துறை, கல்லூரி மூன்றையும் பார்க்காமல் விடுவதில்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இலவசத் தளமான பப்மெட்டில் ஆர்க்கிட் எண்ணை வைத்தே தேட முடியும், ஆனால் வெளியீட்டாளர் அந்த எண்ணையும் சேர்த்து அனுப்பிய கட்டுரைகள் மட்டும்தான் வரும். என் பழைய கட்டுரைகள் எதுவும் வரவில்லை. பப்மெட்டில் பெயர் தவறாக இருந்தால் அவர்களுக்கு எழுதிப் பயனில்லை. இதழ்தான் திருத்தி அனுப்ப வேண்டும். இப்போது பெரிய வெளியீட்டாளர்கள் பலர் வெளிவந்த கட்டுரையிலும் எழுத்தாளர் பெயரை மாற்ற வழி வைத்திருக்கிறார்கள். என் ஒரு கட்டுரைக்கு அப்படித்தான் நடந்தது, ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிட்டது. சிறிய இதழ்களில் பதிலே வராது.

"இது நீங்கள்தானா?" என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்குக் கைகொடுத்தவை பழைய காகிதங்கள்தான். நிறுவன நெறிமுறைக் குழு கொடுத்த அனுமதிக் கடிதத்தில் ஆய்வின் தலைப்பும் என் முழுப்பெயரும் இருந்தன. முதுநிலை ஆய்வேட்டின் முகப்புப் பக்கம் இருந்தது. என் வழிகாட்டி ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். "நீதாம்மா செஞ்ச, இதுக்குமா சாட்சி கேக்குறாங்க?" என்று வருத்தப்பட்டு, ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நான்கு பெயரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினேன். அரசிதழில் பெயர் மாற்றம் செய்ய வேண்டும் என்று அலுவலகத்தில் ஒருவர் பயமுறுத்தினார். எனக்கு அது தேவைப்படவில்லை. என் சட்டப்படியான பெயர் மாறவே இல்லை, இதழ்கள்தான் வேறு வேறாக அச்சிட்டிருந்தன. எனவே நெறிமுறைக் குழுக் கடிதம், இதழ் ஏற்றுக்கொண்ட மின்னஞ்சல், மெய்ப்பு, அச்சான கட்டுரை, இந்த நான்கையும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். கல்லூரி மின்னஞ்சலில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், வேலையை விட்டதும் அந்த அஞ்சல் போய்விடும். எனக்கு அப்படித்தான் இரண்டு கட்டுரைகளின் கடிதங்கள் போயின.

நீக்கப்பட்ட இதழ் விவகாரம் தனிப் போராட்டம். நாங்கள் அனுப்பியபோதும் கட்டுரை வெளிவந்தபோதும் அந்த இதழ் ஸ்கோபஸில் இருந்தது. பிறகுதான் நீக்கினார்கள். அப்படி நீக்கும்போது பெரும்பாலும் அந்த இதழில் புதிதாக வரும் கட்டுரைகளைச் சேர்ப்பதை நிறுத்துவார்கள், ஏற்கெனவே ஏறிய கட்டுரைகள் அப்படியே இருக்கும். ஸ்கோபஸின் இதழ்ப் பக்கத்தில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று போட்டிருக்கும். அந்த வரியைக் காட்டித்தான் என் கட்டுரை அந்தக் காலத்துக்குள் வருகிறது என்று நிறுவினேன். கட்டுரையை அனுப்பும் நாளிலும் வெளியாகும் நாளிலும் அந்தப் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை. இதழின் சொந்த இணையதளத்தில் போட்டிருக்கும் சின்னங்களை நம்பவே நம்பாதீர்கள். ஸ்கோபஸ் என்றால் ஸ்கோபஸின் பக்கத்தில், டிஓஏஜே (கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இதழ்களின் பட்டியல்) என்றால் அவர்களுடைய பக்கத்தில் பாருங்கள். தேர்ந்தெடுத்த மருத்துவ இதழ்களின் தொகுப்பான மெட்லைனில் இருக்கிறதா என்பதை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் இதழின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பப்மெட்டில் ஒரு கட்டுரை தெரிகிறது என்பதாலேயே அந்த இதழ் மெட்லைனில் இருக்கிறது என்று ஆகிவிடாது. முழுக் கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் பப்மெட் சென்ட்ரலில் ஏற்றிய கட்டுரையும் பப்மெட்டில் தெரியும். இந்த வேறுபாடு தெரியாத குழுக்களும் உண்டு. ஆணையத்தின் 2022 விதியில் பப்மெட் சென்ட்ரலும் மெட்லைனும் தனித்தனியாகவே பட்டியலில் இருந்தன; நீங்கள் விண்ணப்பிக்கும்போது நடப்பில் இருக்கும் விதியின் பக்கத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.

கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலரில் எனக்கு நேர்மாறான சோதனை. அங்கே பக்கம் தொடங்கியதும், புதிய கட்டுரைகளைத் தானாகவே சேர்க்கும் ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாமலே வேறு யாரோ ஒருவருடைய நெல் பயிர் ஆய்வுகளும் இதய அறுவைக் கட்டுரை ஒன்றும் என் பக்கத்தில் ஏறிவிட்டன. மேற்கோள்கள் ஒரேயடியாக உயர்ந்தன. "மேடம், எண்ணைக் கூட்டிக் காட்டுறீங்களோ?" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் பார்த்தேன். ஏற்கெனவே என்மேல் சந்தேகம் இருந்த நேரத்தில் அந்தக் கேள்வி ரொம்பவே சுட்டது. அன்றே அவற்றை நீக்கிவிட்டு, அமைப்பில் போய், தானாகச் சேர்ப்பதை நிறுத்தி, எனக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் கேட்கும்படி மாற்றினேன். உங்கள் பக்கத்தை இன்றே திறந்து பாருங்கள். பொதுவான பெயர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒரே கட்டுரைக்கு ஸ்காலரில் 41, ஸ்கோபஸில் 23, பப்மெட்டில் அதைவிடக் குறைவு என்று காட்டுவதைப் பார்த்தும் பதற வேண்டாம். ஸ்காலர் ஆய்வேடு, முன்வரைவு (இதழில் வருமுன் இணையத்தில் போடும் கட்டுரை), மாநாட்டுத் தாள் எல்லாவற்றையும் எண்ணும். ஸ்கோபஸ் தன் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் எண்ணும். விண்ணப்பத்தில் எண்ணை எழுதும்போது எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது என்ற இரண்டையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். குழுவில் ஒருவர் என்னிடம் "உங்க இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?" என்று கேட்டார். இம்பாக்ட் ஃபேக்டர் இதழுக்கு உரியது, ஆளுக்கு உரியது கிடையாது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. தனி ஆய்வாளரை அதை வைத்து அளக்கக் கூடாது என்று 2013-ல் வெளியான சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் சொல்கிறது. இதைக் குழுவிடம் வாதமாக எடுத்துவைக்க எனக்கு அன்று துணிவில்லை. அடுத்த முறை பணிவாகச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள்.

இந்தத் தவிப்பில் இருக்கும்போதுதான் "உங்கள் ஹெச்-இண்டெக்ஸை உயர்த்தித் தருகிறோம்" என்று மின்னஞ்சல்களும் அழைப்புகளும் வரும். எனக்கும் வந்தன. அபுதாபியில் உள்ள நியூயார்க் பல்கலைக்கழக வளாகத்து ஆய்வாளர்கள், இல்லாத ஓர் ஆளின் பெயரில் ஸ்காலர் பக்கம் உருவாக்கி, 300 டாலருக்கு 50 மேற்கோள்கள் வாங்க முடிகிறது என்று செய்தே காட்டியிருக்கிறார்கள். அப்படி வாங்கியது வெளிப்பட்டால் உங்கள் உண்மையான கட்டுரைகளும் சேர்ந்து கெடும். நோயாளியின் ரத்தத்தை வைத்து வேலை செய்பவர்கள் நாம். பொய் எண்ணுக்கு இங்கே இடமே கிடையாது என்பதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை.

இதற்கிடையே எனக்கு ஒரு நல்லதும் நடந்தது. எல்லை அளவு பற்றிய என் கட்டுரையை மேற்கோள் காட்டிய 23 கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எதற்காகக் காட்டியிருக்கிறார்கள் என்று படித்தேன். பல, முன்னுரையில் ஒரு வரியோடு கடந்து போயிருந்தன. ஆனால் இரண்டு குழுக்கள் எங்கள் எல்லை அளவை எடுத்துத் தங்கள் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்திருந்தன. ஒன்று பொருந்துகிறது என்றது, மற்றது தங்கள் ஊருக்குச் சற்று உயர்த்த வேண்டும் என்றது. நாங்கள் கணக்கிட்ட ஒரு தசம எண்ணை வைத்து எங்கோ ஒரு வார்டில் ஒருவருக்கு இந்தக் காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின் மருந்தைத் தொடங்கலாமா என்று ஒரு மருத்துவர் யோசிக்கிறார். அந்த இரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அடுத்த விண்ணப்பத்தில் எண்களோடு இதையும் அரைப் பக்கம் எழுதிச் சேர்த்தேன்: எந்தக் கண்டுபிடிப்பு, யார் பயன்படுத்தினார்கள், எதற்கு. முதலில் என்னைக் கேள்வி கேட்ட அதே பேராசிரியர் அந்த அரைப் பக்கத்தைத்தான் நின்று படித்தார். அந்தச் சுற்றில் பதவி உயர்வு கிடைத்தது. போன ஓர் ஆண்டுச் சம்பள வித்தியாசம் போனதுதான், முன்தேதியிட்டுத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"எஸ் கே" என்று அச்சான இரண்டு கட்டுரைகளில் ஒன்று இன்னும் பப்மெட்டில் அப்படியேதான் இருக்கிறது. அந்த இதழ் நின்றுவிட்டது, திருத்தி அனுப்ப ஆள் இல்லை. அதை ஆர்க்கிட்டில் நானே சேர்த்துவிட்டேன். விவரக்குறிப்பில் அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் பப்மெட் எண்ணையும் டிஓஐ எண்ணையும் (கட்டுரைக்கு உரிய நிரந்தர இணைய அடையாள எண்), "எஸ் கே என்று அச்சாகியுள்ளது" என்ற குறிப்பையும் போடுகிறேன். வழிகாட்டியின் கடிதமும் நெறிமுறைக் குழு அனுமதியும் அதன் பின்னால் இணைப்பாக இருக்கும். உங்களுக்கும் இதழ் நின்றுபோன கட்டுரை இருந்தால், கூட எழுதியவர்கள் தொடர்பில் இருக்கும்போதே அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.